ஒரே விடியலுக்கு இரண்டு நிரைகள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருடங்களைக் கடத்திவிட்டேன். பேனையை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கியவன் நான். கொம்பியூட்டர் விசயத்தை நான் எழுதினால் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. இது எங்கள் குடும்பத்துக் கிணற்றுச் சண்டை. ஆறிப்போனதை ஏன் கிளற வேண்டும் என்று இருந்தேன். போன கந்தசஷ்டி விரதம் முடிந்து பாறணைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அண்ணையே கேட்டார், "எழுதப் போறன் எண்டு சொன்னனி, எங்கை?" என்று. முருகன் அவர் வாயால் கேட்டதாக எடுத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல, என் பெரியப்பாவின் மகன். நீர்வேலியில் எங்கள் தோட்டக்காணிகளுக்கு நடுவே ஒரு பங்குக்கிணறு இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் கூலிக்கு ஆள் பிடிக்காமல் தாங்களே இறங்கிக் கல்லுடைத்து வெட்டியது. பிறகு காணி பிரிந்து, இப்போது அந்தத் தண்ணீர் நாலு வீட்டுக்குப் பொது. அண்ணைக்கு வெங்காயம். எனக்கு வாழையும் கொஞ்சம் வெங்காயமும். மற்றவர்களில் ஒருவர் பட்டணத்தில் கடையில் நின்றுகொண்டு தோட்டமும் பார்ப்பவர். இன்னொருவர் ஒரு ரீச்சர், ஆள் வைத்துச் செய்விப்பவர்.

மழை பெய்கிற காலத்தில் கிணற்றைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டோம். ஆவணி வெயிலில்தான் தெரியும். இரவு முழுக்க ஊற்று ஊறி, விடியும்போது கிணறு நிறைந்து நிற்கும். அந்த நேரம் இறைக்கிறவருக்குப் பாத்தி முழுக்கப் பாயும். அடுத்தவர் மத்தியானம் வந்து பார்த்தால் அடியில் கலங்கல்தான். ஆகவே எல்லோருக்கும் விடியல் முறைதான் வேண்டும்.

தண்ணீர் இறைக்கிற மிசினைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது, களவு போய்விடும். அதனால் முதலில் போய்க் கிணறு சும்மா இருக்கிறதா என்று பார்ப்போம். சும்மா இருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்து, மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவோம். போய்ப் பார்த்தால் அதற்குள் இன்னொருவர் இறைத்துக்கொண்டிருப்பார். அவரும் கிணற்றைச் சும்மா கண்டுவிட்டுத்தான் மிசினுக்கு ஓடியிருப்பார். இதனாலே வந்த வாய்த்தர்க்கம் கொஞ்சநஞ்சம் அல்ல. வாசிக்கிறவர்கள் இந்த மிசின் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அண்ணைக்கு இந்தத் தர்க்கம் அலுத்துவிட்டது. தன் காணிக்குள் தனியாகக் குழாய்க்கிணறு அடிக்கப் போவதாகச் சொல்லத் தொடங்கினார். எங்கள் மண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர் மேலாக ஒரு படை மட்டும்தான் நிற்கிறது. அதற்குக் கீழே கடல். ஆழமாகத் துளை போட்டு இழுத்தால் உப்பு மேலே வரும். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒருவர் அப்படி அடித்துத்தான், சுற்றியிருந்த கிணறெல்லாம் உப்புச் சவராகிப்போனது. அங்கே வாழை இலையின் ஓரம் சுட்டதுபோலக் கருகி நின்றதை நான் பார்த்தேன். அண்ணை அடித்தால் முதலில் உப்பாகிறது எங்கள் பங்குக்கிணறுதான். அவருக்கும் அது தெரியும். கோபம் வந்த மனிதனுக்குத் தெரிந்தது உதவாது.

அப்போதுதான் என் மகள் ஒரு யோசனை சொன்னாள். அவள் பட்டணத்தில் ஒரு கந்தோரில் புரோகிராம் எழுதுகிற வேலை செய்கிறாள். பைதன் என்று ஒரு கொம்பியூட்டர் மொழி, அதிலே எழுதுவாள். கிணற்று முறையைப் போனிலேயே எடுக்கிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன், யாரும் போய்ப் பார்த்து வரத் தேவையில்லை என்றாள். லீவு நாட்களில் இருந்து செய்தாள். ஒரு நாளுக்கு விடியல், மத்தியானம், பின்னேரம் என்று மூன்று முறை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, மறுநாள் சனியில் இருந்து வருகிற ஏழு நாளுக்கான முறைகள் திறக்கும். வேண்டியதை அழுத்தினால் பச்சையில் 'கிடைத்தது' என்று வரும். ஏன் பதினொரு மணி என்றால், கந்தோரில் அவளுக்குத் தேத்தண்ணீர் குடிக்க விடுகிற நேரம் அது. ஏதும் பிழை வந்தால் பார்க்கலாம் என்று வைத்தாள்.

நாலு வீடும் சம்மதித்தது. அண்ணைகூட, "உதை எப்பிடிப் பிள்ளை அமத்துறது?" என்று அவளிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். கொஞ்ச மாதம் கிணற்றடி அமைதியாக இருந்தது. குழாய்க்கிணற்றுப் பேச்சும் அடங்கியது. நான் சந்நிதி முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்த ஆவணி வந்தது. அண்ணையின் வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம். என் வாழைகள் குலை தள்ளி நின்றன. இருவருக்கும் சனிக்கிழமை விடியல்தான் வேண்டியிருந்தது, வருகிற முறைகளில் அதுதான் கிட்ட.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்காரரும் ரீச்சரும் தங்கள் தங்கள் முறையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலை வசதிக்குப் பின்னேரமும் மத்தியானமும் போதும். நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் புதிதாக ஒன்றும் தொடங்க மாட்டோம். சுவாமி அறைக்கு முன்னால் பாயைப் போட்டு, போனை முன்னே வைத்துக்கொண்டு இருந்தேன். மணி பன்னிரண்டு என்று மாறியது. முருகா என்று சொல்லி அழுத்தினேன். பச்சையில் 'கிடைத்தது' என்று வந்தது.

சனி விடிய மிசினைக் கட்டிக்கொண்டு போனேன். நான் சைக்கிளை நிறுத்த, மற்றப் பக்கத்து வரம்பால் அண்ணையும் மிசினோடு வருகிறார்.

"என்ன தம்பி, நாள் மாறி வந்திட்டியோ?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார்.

இல்லை, இன்றைக்கு என் முறை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்துக் காட்டினார். சனி, விடியல், கிடைத்தது. நான் என்னுடையதைக் காட்டினேன். சனி, விடியல், கிடைத்தது. அவர் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நீங்கள் இறையுங்கோ அண்ணை. நான் பின்னேரம் ஏதும் பாக்கிறன்" என்றேன்.

"நீ விட்டுத் தந்து நான் இறைக்கவோ? என்ரை அப்பு கல்லுடைச்ச கிணறு இது." குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உன்ரை பெட்டை எழுதினது உன்ரை பக்கம் சாயாமல் வேறை எந்தப் பக்கம் சாயும்? திங்கக்கிழமை குழாய்க்கிணறு அடிக்கிறவங்களை வரச் சொல்லுறன். பிறகு உந்தக் கிணத்தை நீயே வைச்சு அபிஷேகம் செய்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் மிசினைக் கிணற்றடியில் இறக்கவில்லை. இறக்கினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும்போல இருந்தது. கிணறு நிறைந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. இரண்டு பக்கத்துப் பயிரும் காய்ந்துகொண்டு நின்றன. நானும் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அது நடக்காது அப்பா. எழுத முந்தி, அந்த முறையை ஆரும் எடுத்திட்டினமோ எண்டு பாத்துத்தான் எழுதும்" என்றாள். லப்டொப்பைத் திறந்து எனக்குக் காட்டினாள். முறைகளெல்லாம் டேட்டாபேஸ் என்கிற ஓர் இடத்தில் நிரை நிரையாகப் பதிந்து இருக்குமாம். வாழை நடுகிற எனக்கு நிரை என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு முறைக்கு ஒரு நிரை. ஆனால் அந்தச் சனி விடியலுக்கு மட்டும் இரண்டு நிரை நின்றது. ஒன்றில் என் பெயர், மற்றதில் அண்ணையின் பெயர்.

அவள் முகம் கறுத்துவிட்டது. என் போனையும் தன் போனையும் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒன்றில் எடுத்தபிறகு மற்றதில் எடுத்தால் சரியாக மறுக்கிறது. எத்தனை தரம் செய்தாலும் அதுதான். பிழை இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. "பெரியப்பா நான் கள்ளம் செய்தனான் எண்டுதானே நினைக்கிறார்" என்று மட்டும் ஒருதரம் கேட்டாள்.

சனிக்கிழமை விரதத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "நேற்று உவர் பன்னிரண்டு அடிக்குமட்டும் போனைப் பாத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி இருந்தவர். அங்கை உன்ரை பெரியப்பாவும் அப்பிடித்தான் இருந்திருப்பார்."

"ஏன் பன்னிரண்டு? பதினொண்டுக்கே திறந்திடுமே" என்றாள் மகள்.

"வெள்ளி ராகுகாலத்துக்கை ஆர் பிள்ளை தண்ணி முறை எடுப்பினம்?"

மகள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அவள் எனக்கு விளங்கப்படுத்தியதை என் சொல்லில் தருகிறேன். அவள் எழுதிய புரோகிராம் இரண்டு வேலை செய்தது. முதலில் போய், அந்த முறைக்கு நிரை இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை என்றால் திரும்பி வந்து, பிறகு போய் நிரையை எழுதியது. நாங்கள் கிணற்றைப் பார்த்துவிட்டு மிசின் எடுக்க வீட்டுக்கு வருகிறோமே, அதே மாதிரி. அந்த இரண்டுக்கும் இடையில் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. நாலு வீட்டுக்குள் இரண்டு பேர் அந்தச் சின்ன இடைவெளிக்குள் அழுத்துவார்கள் என்று அவள் எண்ணவே இல்லை. ஆனால் நானும் அண்ணையும் ராகுகாலம் முடிகிற அந்தப் பன்னிரண்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன்களிலும் ஒரே நேரம்தான் ஓடும். எனக்காகப் பார்த்தபோதும் இடம் சும்மா இருந்தது. அவருக்காகப் பார்த்தபோதும் சும்மா இருந்தது. இரண்டு பேருக்கும் எழுதிவிட்டது.

திருத்தம் என்னவென்றும் சொன்னாள். பைதனில் டேட்டாபேஸோடு கதைப்பதற்கென்றே ஒரு கருவித் தொகுதி இருக்கிறதாம். அதிலே பார்க்கிறதையும் எழுதுகிறதையும் பிரிக்காமல் ஒரே சொல்லில் சொல்ல வழி உண்டு. 'இந்த நிரையை எழுது, இதே நாளுக்கு இதே முறை ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே.' அவ்வளவுதான் கட்டளை. பிறகு எத்தனை நிரை எழுதினாய் என்று அதையே கேட்கலாம். ஒன்று என்றால் முறை உங்களுக்கு. பூச்சியம் என்றால் வேறு ஒருவர் முந்திவிட்டார். ஆனால் அந்தக் கட்டளை வேலை செய்ய, ஒரு நாளின் ஒரு முறைக்கு ஒரு நிரைக்கு மேல் நிற்கக் கூடாது என்ற சட்டத்தை டேட்டாபேஸிலேயே போட்டு வைக்க வேண்டும். யார் என்ன அவசரத்தில் அழுத்தினாலும் சட்டம் அசையாது.

அதைப் போடப் போனபோதுதான் இன்னொரு முட்டு வந்தது. சட்டத்தை ஏற்க மாட்டேன் என்றது. சனி விடியலுக்கு ஏற்கெனவே இரண்டு நிரை நிற்கிறதே.

"ஒண்டை அழிச்சால்தான் சட்டம் போடலாம்" என்றாள் மகள்.

"எங்கடையை அழி" என்றேன்.

"அழிச்சால் முறை பெரியப்பாவின்ரை எண்டு நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி. அவரின்ரையை அழிச்சால் அவர் சொன்னது சரி, நான் உங்கடை பக்கம். எதை நான் தொட்டாலும் பிழை அப்பா."

யாருடைய நிரை முதலில் நிற்கிறது என்று கேட்டேன். முதலில் நிற்கிறதால் முந்தி அழுத்தினது என்று சொல்ல முடியாது என்றாள். யாருடையது முதலில் நின்றது என்று அவள் சொல்லவும் இல்லை, நான் எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போனேன். வெங்காயம் போனாலும் போகட்டும், தண்ணியை உப்பாக்கிப் போடாதை அப்பனே என்றுதான் கும்பிட்டேன். திரும்பி வந்து மகளை லப்டொப்போடு கூட்டிக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், வேலிப் படலையைத் திறந்தா. அண்ணை கதிரையில் பேப்பரோடு இருந்தார். பேப்பர் இறங்கவில்லை. நான் வாயைத் திறக்க முந்தி மகள் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"பெரியப்பா, பிழை என்னிலை. அப்பாவிலை இல்லை. கள்ளமும் இல்லை. நான் எழுதினது பிழை."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. அவள் அந்த மிசின் கதையைச் சொன்னாள். பார்க்கிறது ஒரு வேலை, எழுதுகிறது ஒரு வேலை, இடையில் ஒரு சந்து. அண்ணை முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சனிக்கிழமைச் சண்டைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அதுதான்.

"அப்ப நானும் நீயும் ஒரே நேரம் கிணத்தைப் பாத்திட்டு மிசின் எடுக்க ஓடியிருக்கிறம் எண்டுறாள்."

"ஓம் அண்ணை."

"நான் ஒரு நிமிசம் பிந்தி அமத்தியிருக்கலாம்" என்றார் அண்ணை.

"உவரோ பிந்துறது?" என்று மச்சாள் குசினி வாசலில் நின்று சொன்னா. "பன்னிரண்டுக்கு முந்தியே விரலை நீட்டிக்கொண்டு இருந்தவர். சோறு போட்டு வைச்சது ஆறிப்போச்சு."

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மகள் லப்டொப்பைத் திறந்து அந்த இரண்டு நிரையையும் காட்டினாள். இதில் ஒன்றையாவது அழித்தால்தான் சட்டம் போடலாம், எதை அழிக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டாள்.

அண்ணை என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை நீ இறைச்சனியோ?" என்றார்.

"இல்லை."

"நான் போனாப்பிறகும்?"

"மிசினை இறக்கவே இல்லை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நானும் இறைக்கேல்லை. பிறகென்ன, ரெண்டையும் அழி பிள்ளை. இறைக்காத தண்ணிக்கு ஏன் எழுத்து?"

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. எது உண்மை என்றே நாங்கள் மண்டையை உடைத்தோம். அந்த விடியலில் கிணற்றைத் தொட்டது ஒருவரும் இல்லை என்பதுதான் உண்மை. மகள் அவர் பார்த்துக்கொண்டிருக்க இரண்டையும் அழித்தாள். சட்டத்தைப் போட்டாள். இந்தத் தரம் மறுப்பில்லாமல் ஏற்றது. புதிய கட்டளையையும் எழுதினாள்.

"இனிச் சோதிச்சுப் பாருங்கோ. ரெண்டு பேரும் ஒண்டா அமத்துங்கோ."

மச்சாள் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணினா. இருவரும் ஒரே விடியலை அழுத்தினோம். எனக்குப் பச்சை வந்தது. அண்ணையின் போனில் 'வேறொருவர் எடுத்துவிட்டார்' என்று வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். "இன்னொருக்கா" என்றார். அடுத்தது அவருக்குக் கிடைத்தது. "இன்னொருக்கா" என்றார் திரும்பவும். சின்னப் பிள்ளைகள் மாதிரி விளையாடினோம். எத்தனை தரம் அழுத்தினாலும் ஒருவருக்கு மட்டும்தான் கிடைத்தது. மகள் ஒவ்வொரு தரமும் நிரையைக் காட்டிக்கொண்டே வந்தாள், ஒன்று, ஒன்று, ஒன்று. சோதித்ததையெல்லாம் பிறகு அழித்துவிட்டு, உண்மையாக எடுத்த முறைகளை மட்டும் விட்டாள். அதன் பிறகு அண்ணை திங்கள் விடியலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

"முறை திறக்கிற நேரத்தை மாத்தினால் நல்லமோ?" என்று அண்ணை கேட்டார்.

"எந்த நேரம் வைச்சாலும் நீங்கள் ஒரு நல்ல நேரம் பாப்பியள் பெரியப்பா. நீங்கள் உங்கடை நேரத்திலை அமத்துங்கோ, இது தாங்கும்."

குழாய்க்கிணற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மச்சாள் தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

திங்கள் காலை நான் வாழைக்குள் நின்றேன். அண்ணை விடியவே வந்து இறைத்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை முகப்பில் லொறிச் சத்தம் கேட்டது. இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு வந்த லொறி. கந்தா என்று சொல்லிக்கொண்டு வாழையைப் பிடித்தபடி நின்றேன். அண்ணை மிசினை நிற்பாட்டிவிட்டுப் போனார். டிரைவரோடு கதைத்தார். அவரையும் கூட வந்தவர்களையும் தன் வீட்டுப் படலைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்கள். குழாயொன்றும் இறக்காத லொறி, ஒழுங்கைக்குள் திருப்ப இடமில்லாமல், அப்படியே பின்பக்கமாகப் போய் றோட்டில் ஏறியது.

அண்ணை நேரே என்னிடம் வந்தார்.

"கிணத்திலை கொஞ்சம் தண்ணி மிச்சம் நிக்குது. மிசினும் அங்கைதான் நிக்குது. உன்ரை வாழைக்கு விடு."

நான் மண்வெட்டியை எடுத்து என் பக்கத்து வாய்க்காலைத் திறந்தேன். அவருடைய மிசின் இறைத்த தண்ணீர் என் வாழை அடிக்கு வந்தது. கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீர். இன்றைக்கும் நல்ல தண்ணீர்தான், முருகனின் கருணைக்குக் குறைவில்லை.

இப்போது பக்கத்துக் குறிச்சிப் பங்குக்கிணற்றுக்காரரும் மகளிடம் வந்து கேட்டு, தங்களுக்கும் செய்விக்கிறார்கள். கூடவே கதையும் ஊர் சுற்றுகிறது, ஆனால் வேறு வேறு உருவத்தில். கொம்பியூட்டர் தீர்ப்புச் சொல்லி அண்ணையைப் பணியவைத்தது என்று தேத்தண்ணிக் கடையில் சொல்கிறார்கள். எங்கள் இருவரையும் சேர்த்து வைக்க முருகனே இரண்டு நிரை எழுதினான் என்று கோயில் வீதியில் சொல்கிறார்கள். முருகன் செய்யாதது ஒன்றும் இல்லை, ஆனால் அவன் எழுதினதாக நான் பொய் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் போன் எடுத்து, பெட்டை தகப்பனுக்காகச் செய்த கள்ளம் பிடிபட்டுவிட்டதாமே என்று கேட்டார். அன்றைக்கு என் மகள் சாப்பிடவில்லை.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது சொல்வதென்றால் இதை இருக்கிறபடி சொல்லுங்கள். ராகுகாலம் முடிய இரண்டு பேரும் ஒன்றாக அழுத்தியதைச் சொல்லுங்கள். பிள்ளை விட்ட பிழையையும் விடாமல் சொல்லுங்கள், அதை அவளே போய் ஒப்புக்கொண்டு திருத்தியதையும் சொல்லுங்கள். இரண்டு நிரையையும் அழிக்கச் சொன்னது அண்ணை என்பதை மறந்துவிட வேண்டாம். நான் சொன்னதாக மாற்றிவிடவும் வேண்டாம். அந்தச் சனி விடியலில் நாங்கள் ஒருவரும் இறைக்கவில்லை. கிணறு நிறைந்துதான் நின்றது.